பாடைக்கு மட்டும் வழி

புதுசாய் வரப்போகும் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு இடம் பார்க்க வந்த ஜீப், கல்வராயன் மலையடிவாரத்துப் புறம்போக்கில் சரியாக நிற்கக்கூட இல்லை. அதிகாரி இறங்கினார், ஒரு கல்லைக் காலால் எத்திப் பார்த்தார், ஏறிக்கொண்டார்.

"இந்தக் காட்டுக்கு யாருங்க வருவாங்க?" கூட வந்த ராஜாங்கம் சொன்னார். "கள்ளக்குறிச்சி மெயின் ரோட்டு மேல என் நெலம் ரெண்டு ஏக்கர் சும்மாவே தரேன்." அந்த ரெண்டு ஏக்கரைச் சுற்றி மனை பிரித்துக் கல் நட்டிருப்பதை மட்டும் சொல்லவில்லை.

பக்கத்துக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த தைலம்மாள் களைக்கொட்டோடு வந்து நின்றாள்.

"ரோட்டு மேல வாணாங்க. இங்கயே கட்டுங்க."

"பஸ்ஸுல ஏறுனா வந்துடலாமேம்மா," என்றார் அதிகாரி.

"பஸ்ஸ வுட்டாத்தானுங்க?"

போன வருஷம் இடஒதுக்கீடு கேட்டு மறியல். ஜன்னி கண்ட மகள் பாரதியை மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு தைலம்மாள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனாள். வடக்கனந்தல் தாண்டி ரோட்டில் புளியமரம் வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அதன்மேல் உட்கார்ந்திருந்தவர் ராஜாங்கம். தைலம்மாள் காலில் விழுந்தாள். ஒருத்தருக்கு விட்டால் எல்லாரும் வருவார்கள் என்றார். அப்போது பின்னால் ஒரு பாடை வந்தது. பத்துப் பேர் ஓடிவந்து கிளைகளை இழுத்து வழி விட்டார்கள். அதன் பின்னாலேயே போன இவள் வண்டியை மறித்து, "துக்கத்துக்கு மட்டுந்தாம்மா," என்று திரும்ப மூடினார்கள். வண்டியிலேயே பாரதி அடங்கிப்போனாள்.

"அத ஏன் இப்ப இழுக்கிற?" ராஜாங்கம் முறைத்தார். "நம்ப புள்ளைங்க படிப்புக்குத்தான அது."

"எந்தப் புள்ளைங்க?"

ஜீப் கிளம்பிவிட்டது. வழியில் ராஜாங்கத்தின் மோட்டார் கொட்டகையில் இளநீர் சீவும்வரை நின்றது. அதற்குள் தைலம்மாளும் அவளோடு களை எடுத்த பெண்களும் கொல்லைக்குக் குறுக்கே நடந்து ரோட்டு மதகுக்கு வந்தார்கள். கிடந்த பனைத்துண்டை ரோட்டுக்குக் குறுக்கே உருட்டி, அதன்மேல் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

ஜீப் வந்தது. ஹாரன் அடித்துப் பார்த்தது. ராஜாங்கம் குதித்து இறங்கினார்.

"இன்னாடி இது? எழுந்திருங்கடி."

தைலம்மாள் உட்கார்ந்தபடியே ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தாள்.

"உள்ள பொணம் எதுனா இருக்குதா? இருந்தா சொல்லு, வழி வுடுறோம்."

அதிகாரி ராஜாங்கத்தையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்ப இன்னாம்மா பண்ணணும்ன்ற?"

"திரும்பிப் போயி அந்த எடத்த ஒழுங்கா அளந்துட்டு வாங்க. நாங்க எங்கயும் போவல, இங்கதான் குந்தியிருப்போம்."

டிரைவர் யாரையும் கேட்காமல் ஜீப்பைத் திருப்பினார்.