பதுவையில் இரண்டாவது நுழைவுச்சீட்டு

இத்தாலிக்குப் படம் பார்க்கப் போகப்போகிறேன் என்று ஜென்சி முதலில் உண்மையைத்தான் சொன்னாள். அது எடுபடவில்லை.

"படம் பாக்கவோ? அதுக்கேன் இத்தாலி, போனிலையே பாக்கலாமே," என்றார் அவள் கணவர் அருமைராசா. சாப்பாட்டுக் கோப்பையில் இருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. மொன்றியலில், லாசால் பகுதியில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்பவர். நல்ல மனிதர்தான். சுவரில் ஆணி அடிப்பதென்றால் அதில் நாட்காட்டி தொங்கவேண்டும் என்று நினைப்பவர், அவ்வளவுதான்.

ஜென்சி அதே நகரில், அஹுன்ட்சிக் பகுதியில், கார்டெறி எனப்படும் பகல்நேரக் காப்பகம் ஒன்றில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். நாள் முழுக்க மூக்குத் துடைத்து, சப்பாத்துப் பூட்டி, பிரெஞ்சில் பாட்டுப் பாடிவிட்டு வருவாள். வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில் சனிக்கிழமைகளில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி பழைய ஓவியங்களைத் திரையில் போட்டு விளக்குவாள். வெளியே பனி கொட்டும்போது சூடாக இருக்க ஓர் இடம் என்றுதான் ஜென்சி முதலில் உள்ளே போனாள். பிறகு பனி உருகியும் போய்க்கொண்டிருந்தாள். வெனிஸ், பதுவை, புளோரன்ஸ், சியென்னா, ரோம் என்று ஊர்ப்பெயர்கள் வாயில் புரளத் தொடங்கிவிட்டன. ஒரு வாரம், தனியாக, யாருக்கும் சமைக்காமல் அவற்றைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது.

உண்மை எடுபடாததால் சொல்லை மாற்றினாள். "யாத்திரை போகப்போறன். பதுவை அந்தோனியாரிட்ட," என்றாள்.

"அந்தோனியாரிட்டையோ? அதை முதலே சொல்லுறதுக்கென்ன!" அருமைராசா கையைக் கழுவிவிட்டு வந்து தானே விமானச் சீட்டுத் தேட உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிவதற்குள் பங்குக் கோயில் முழுவதும் செய்தி போய்விட்டது. யாழ்ப்பாணம், மன்னார்க் கத்தோலிக்கர் நடுவில் இருந்து ஒருத்தி பதுவைக்குப் போகிறாள் என்றால் வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள். செபமாலை, கைக்குட்டை, நோயாளியின் உடுப்பு என்று ஏதாவது கொடுத்துவிடுவார்கள். அதை அந்தோனியாரின் கல்லறைக் கல்லில் வைத்துச் செபித்து எடுத்துவர வேண்டும். ஜென்சி உசாராக, முதுகில் போடும் பை ஒன்றுதான் கொண்டுபோகிறேன் என்று முன்கூட்டியே சொல்லித் தப்பிக்கொண்டாள். எல்லோரும் "எங்களுக்காகவும் மன்றாடு" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். றோசா அக்கா மட்டும் நிறுத்தவில்லை.

றோசா அக்கா அதே கட்டடத்தில் மேல் மாடியில் தனியே இருப்பவர். கணவர் அல்பேட் காலமான பிறகு அவருக்கு எல்லாமே மகன் டெனிஸ்டன்தான். அந்த மகன் சாம்பவி என்ற சைவப் பெண்ணை இந்துக் கோயிலில் தாலி கட்டி மணந்தான். றோசா அக்கா கலியாணத்துக்குப் போகவில்லை. மகன் பக்கத்து நகரான லவாலில் வீடு எடுத்துப் போய்விட்டான். தாயும் மகனும் முகம் பார்த்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆரஞ்சு மெற்றோவில் ஏறினால் அரைமணிப் பாதை. அந்த அரைமணியைக் கடக்கத்தான் றோசா அக்காவின் மானம் விடவில்லை.

அவர் கொண்டுவந்தது டெனிஸ்டன் சின்ன வயதில் முதல்நன்மை வாங்கியபோது போட்ட வெள்ளைச் சட்டை. மடிப்புக் குலையாமல் மெல்லிய பையில் சுற்றியிருந்தது.

"துலைஞ்சதைத் தேடித் தாறவர் அவர்தானே, பிள்ளை. இதைக் கல்லறையில வைச்சு, 'றோசாவின்ர பிள்ளையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வாங்கோ' எண்டு ஒருக்காச் சொல்லு. வேற ஒண்டும் வேண்டாம்."

"கட்டாயம் வைக்கிறன் அக்கா," என்றாள் ஜென்சி. அப்போது அதை மனதாரத்தான் சொன்னாள்.

பதுவைக்கு வெனிஸில் இருந்து காலையில் வந்து இறங்கினாள். வெனிஸில் நடந்து நடந்து பாதத்தில் கொப்புளம். அன்றைய கணக்கு இதுதான்: முதலில் ஓவியச் சிற்றாலயம், பிறகு அந்தோனியார் பேராலயம், பிற்பகல் புளோரன்ஸ் ரயில். ரயில் சீட்டை மாற்ற முடியாது. புளோரன்ஸில் அடுத்த நாள் காலை பார்க்கப்போகும் கூடத்துக்கும் நேரம் குறித்து வாங்கியிருந்தாள். விழுந்தடித்து ஓடினால்தான் எல்லாம் ஆகும் என்ற மாதிரிப் பயணம்.

அந்தச் சிற்றாலயத்தில் ஆட்களைத் தொகுதி தொகுதியாக உள்ளே விட்டு, கால் மணி நேரத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள். சுவரில் இருப்பது எழுநூறு வருடத்து நிறங்கள், மனித மூச்சே அவற்றைக் கெடுக்குமாம். ஜென்சி உள்ளே போனதும் கூரையின் நீலத்தைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள். கழுத்து நோகக் குனிந்தபோதுதான் சுவரில் மாதா பிறந்த காட்சி கண்ணில் பட்டது. கட்டிலில் மாதாவின் தாய் அன்னம்மாள். கட்டிலின் கீழே இரண்டு பெண்கள். ஒருத்தியின் மடியில் துணியால் இறுக்கச் சுற்றிய குழந்தை. அவள் அதன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தன் பாட்டில், நாளாந்த வேலையைச் செய்கிறவளின் முகத்தோடு.

ஜென்சி தினமும் செய்வதை, யாரும் திரும்பிப் பார்க்காத அந்த வேலையை, ஒருவன் பார்த்திருக்கிறான். பார்த்தது மட்டுமல்லாமல் ஒரு கோயில் சுவரிலும் எழுதிவைத்திருக்கிறான். இன்னும் கிட்டப் போகிறாள், மணி அடித்துவிட்டது. எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள்.

வெளியே வந்தவள் சீட்டு விற்கும் இடத்துக்கே திரும்பிப் போனாள். மத்தியானத் தொகுதியில் ஓர் இடம் இருக்கிறது, அதுவரை அங்கேயே காத்திருக்கவேண்டும் என்றார்கள். வாங்கினால் அந்தோனியாரிடம் போக நேரம் இருக்காது. அது அவளுக்குத் தெரியும். தோளில் தொங்கிய பையில் சட்டை இருந்ததும் தெரியும். தெரிந்துகொண்டுதான் வாங்கினாள்.

ரயிலில் ஏறிய பிறகு அழுகை வந்தது. பையைத் திறந்து சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். நாளைக்குப் புளோரன்ஸில் இருந்து வந்து போகலாம், ரோமில் இருந்தாவது வரலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தக் குற்றவுணர்வு வழியில் வரும் பொலோஞ்ஞா வரைக்கும்தான் கூட வந்தது. புளோரன்ஸ் அவளை விழுங்கியது. சியென்னா விழுங்கியது. ரோமில் கால் வீங்கி, மனம் நிறைந்து, விமானத்தில் ஏறியபோது சட்டை மடிப்புக் குலையாமல் பையின் அடியில் கிடந்தது.

மொன்றியலில் அவள் சப்பாத்தைக் கழற்றுவதற்குள் றோசா அக்கா வாசலில் நின்றார்.

"வைச்சனியோ, பிள்ளை?"

"ஓம்," என்றாள் ஜென்சி.

அந்த ஒரு சொல்லோடு வீட்டுக்குள் வந்த குற்றவுணர்வு பிறகு போகவே இல்லை. றோசா அக்கா சட்டையை முகத்தில் ஒற்றிக்கொண்டு படியேறிப் போனதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. கார்டெறியில் பிள்ளைகளின் முகத்தைத் துடைக்கும்போது அந்த ஓவியம் நினைவுக்கு வரும், உடனே கூசும். அருமைராசா வேலையிடத்தில் "என்ர மனிசி அந்தோனியாரிட்டப் போட்டு வந்தவ" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன், வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிட்டேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, சொல்லவேண்டியதை மட்டும் விழுங்கிக்கொண்டு வந்தாள். பாவமன்னிப்பையும் வாங்கிக்கொண்டாள். தன்னைப் போல ஒரு கள்ளி இந்த மொன்றியல் தீவிலேயே இருக்கமாட்டாள் என்று தோன்றியது.

ஒரு மாதம் கழித்து, ஒரு வியாழன் இரவு, டெனிஸ்டன் அவளுக்குத் தொலைபேசி எடுத்தான்.

"அன்ரி, எங்களுக்கு மகள் பிறந்திருக்கிறா. வாற ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொராம் நாள், துடக்குக் கழிக்கிறம். அம்மாவுக்கு மெசேஜ் போட்டனான், பதில் இல்லை. நீங்கள் ஒருக்காச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"நீ வந்து கூப்பிடன், தம்பி."

"கலியாணத்துக்கு நேர வந்து கூப்பிட்டனான். கதவைத் திறக்கேல்லை அன்ரி. சாம்பவியையும் வாசல்ல வைச்சு அழப் பண்ணினவா. இது கடைசி. இதுக்கும் வராட்டி நான் இனிக் கேக்கமாட்டன். என்ர பிள்ளைக்கு அப்பம்மா இல்லையெண்டு நினைக்கிறன்."

ஜென்சி இரண்டு இரண்டு படியாக ஏறினாள். றோசா அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மேசையில் புதுக் குழந்தைப் போர்வை, பக்கத்தில் அந்தோனியார் படம், அதன் முன்னால் அந்தச் சட்டை.

"அப்ப போவம் அக்கா. நானும் வாறன்."

"நான் ஏன் போகவேணும்?" றோசா அக்கா சிரித்தார். ஜென்சி அவர் சிரித்துப் பார்த்து நாளாகிவிட்டது. "அவன் வருவான். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு இஞ்ச வருவான். கோடி அற்புதரின்ர கல்லறையில வைச்ச சட்டை, ஜென்சி. அவர் பாத்துக்கொள்ளுவார். நான் இடையில போய்க் காலில விழுந்தால் அவரை நம்பேல்லை எண்டெல்லோ ஆகும்."

அதுவரை தன் பொய் தன்னை மட்டும்தான் தின்கிறது என்று ஜென்சி நினைத்திருந்தாள். இப்போது அது ஒரு தாயை நாற்காலியில் கட்டிவைத்திருக்கிறது. ஞாயிறு கடந்தால் அவிழ்க்கவும் முடியாது.

வெள்ளி முழுவதும் தைரியம் வரவில்லை. சனிக்கிழமை மத்தியானம் மறுபடி ஏறினாள். றோசா அக்கா குசினியில் இறால் உடைத்துக்கொண்டிருந்தார். மகனுக்குப் பிடிக்குமாம், நாளைக்கு அவன் வந்தால் வேண்டுமாம். ஜென்சி உட்காராமலே சொன்னாள்.

"அக்கா, நான் அந்தோனியாரிட்டப் போகேல்லை."

றோசா அக்காவின் கை நின்றது. "என்ன சொல்லுறாய்?"

"பதுவைக்குப் போனனான். கோயிலுக்குப் போகேல்லை. சட்டை பையுக்குள்ளதான் இருந்தது. எங்கயும் வைக்கேல்லை."

"ஏன், சுகமில்லாமல் போச்சோ?"

ஆமென்று சொல்லிவிடலாம். அக்காவே வழியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "இல்லை அக்கா. ஒரு படம் பாத்துக்கொண்டு நிண்டிட்டன். திரும்பவும் பாக்கவேணும்போல இருந்தது. ரெண்டாந்தரமும் சீட்டு எடுத்தன். பேந்து நேரமில்லை."

"என்ன படம்?"

"மாதா பிறந்த படம். ஒரு மனிசி பிள்ளையின்ர முகத்தைத் துடைக்கிறா."

றோசா அக்கா கையைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார். பிறகு துணியில் துடைத்தபடி ஜென்சியை நேரே பார்த்தார்.

"ஆரோ பெத்த பிள்ளையின்ர முகத்தை ரெண்டுதரம் பாக்க உனக்கு நேரமிருந்தது. என்ர பிள்ளைக்கு ஒருதரம் நேரமில்லை."

றோசா அக்கா போய்க் கதவைத் திறந்து பிடித்தார்.

"போ, ஜென்சி."

அவள் கீழே வந்து கட்டிலில் குப்புறப் படுத்து அழுதாள். தலையிடி என்று அருமைராசாவிடம் சொன்னாள். மறுநாள் காலை யன்னலால் பார்த்தபோது றோசா அக்கா மெற்றோப் பக்கமாக நடந்துகொண்டிருந்தார். தனியே. நல்ல சேலை, மேலே நீளக் கோட்டு, கையில் இறால் கறிச் சட்டியும் போர்வையும். பின்னால் ஓடிப்போய்ச் சட்டியை வாங்கிக்கொள்ள வேண்டும் போல ஜென்சியின் கால் துடித்தது. அந்த உரிமை இப்போது தனக்கு இல்லை என்று நின்றுவிட்டாள்.

மாலையில் டெனிஸ்டன் ஒரு படம் அனுப்பினான். றோசா அக்காவின் மடியில் குழந்தை. பக்கத்தில் சாம்பவி, அழுத கண்ணோடு. கீழே "மெர்சி அன்ரி" என்று எழுதியிருந்தான். ஜென்சி அந்த நன்றியை வைத்துக்கொள்ள இடம் தெரியாமல் போனை மூடிவைத்தாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, கோயிலின் கீழ்மண்டபத்தில் தேநீரும் றோல்சும். அந்தோனியார் திருநாளை ஒழுங்கு செய்யும் அஞ்சலீனா றோசா அக்காவின் போனில் பேத்தியின் படத்தைப் பார்த்து வாயில் கை வைத்தாள். சுற்றிலும் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"அப்ப டெனிஸ்டன் வந்திட்டானோ?"

"ஓம்," என்றார் றோசா அக்கா. "அவனே வந்தவன். அந்தோனியார் கூட்டிக்கொண்டு வந்து விட்டவர்."

றோசா அக்கா கூட்டத்தில் இருந்து விலகி, சீனி எடுப்பதுபோல ஜென்சியின் அருகே வந்தார். எட்டு நாளுக்குப் பிறகு முதல்தடவையாக அவளோடு கதைத்தார், உதடு அதிகம் அசையாமல்.

"உனக்காகச் சொல்லேல்லை. நான் வலியப் போய் அவையின்ர வாசல்ல நிண்டனான் எண்டு இவையளுக்குத் தெரியவேண்டாம். விளங்குதோ?"

ஜென்சி தலையசைத்தாள். அதற்குள் அஞ்சலீனா கண் கலங்க வந்து அவள் கையைப் பிடித்துவிட்டாள். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

"இந்தக் கைதானே அந்தக் கல்லைத் தொட்டது! சொல்லன் பிள்ளை, அந்தோனியாரின்ர கல்லறை எப்பிடி இருந்தது? தொடேக்க என்ன மாதிரி இருந்தது?"

எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். றோசா அக்கா மட்டும் சீனிப் போத்தலைப் பார்த்தார். அதன் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"குளிர்ந்துது," என்றாள் ஜென்சி. "கையை எடுக்க மனம் வரேல்லை."