விலை குறைந்த ஆட்கள்

ஆடி மாதக் காப்புக் கட்டுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, தாமுவே பேட்டையில் எங்கள் தெரு மாரியம்மன் கோவில் கமிட்டிக் கூட்டத்தில் செல்லையா எழுந்து நின்றான். என் பெயர் அமெரிக்காவில் ஒரு சூதாட்டப் பலகையில் முதலிடத்தில் இருப்பதாகச் சொன்னான். குரலை உயர்த்தவில்லை. அவன் கத்தியிருந்தால் பொய் என்று எடுத்துக்கொண்டிருப்பேன். அமைதியாகச் சொன்னதால்தான் என் கை நாற்காலிப் பிடியில் அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் குடும்பத்துக்கு அந்தக் கோவிலில் முதல் பரிவட்டம். என் பாட்டனார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களைத் திரட்டிக் கோவிலுக்கு முதல் கல் வைத்தார். அன்றிலிருந்து, காப்புக் கட்டும் நாளில் அம்மன் பாதத்தில் வைத்து எடுக்கும் மஞ்சள் பட்டு முதலில் எங்கள் வீட்டுத் தலையில்தான் ஏறும். இரண்டாவது மரியாதை செல்லையாவின் குடும்பத்துக்கு இருந்தது. அவன் தன் வெற்றிலைக் கடையில் இரண்டு நம்பர் சீட்டுக்கு ஆள் சேர்க்கிறான் என்று தெரிந்ததும், சூதாடும் வீட்டுக்கு மரியாதை கிடையாது என்று தீர்மானம் கொண்டுவந்தவன் நான். அதில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை.

"என் மவன் அங்க கோழிக் கம்பெனியில வேல செய்யிறான்" என்றான் செல்லையா. "உங்க மருமகளோட அண்ணன் தனசேகரனும் அதே ஊருதான். ரெண்டு பேரும் தினம் பேஸ்பால் பந்தயத்துல கட்டுறாங்க. என் மவன் தோத்துக்கிட்டே இருக்கான். யாருகிட்டடா தோக்குறேன்னு கேட்டா, 'தாமுவே விநாயகமூர்த்தி'ன்னு பேரு போட்டிருக்காம். நம்ம தாமுவேயில வேற விநாயகமூர்த்தி இருக்காரா அண்ணே?"

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றினார்கள். என் வீட்டில் சூது இருந்தால் என் தலையில் துணி ஏறாது, காப்பு நாளன்று அம்மன் முன்னால் பதில் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். பாதி வழியில்தான் கால்களைப் பார்த்தேன். வேறு யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு மழையில் நடந்துகொண்டிருந்தேன்.

என் மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். ஆண்டில் பெரும்பகுதி கடலில். வீட்டில் நானும் என் மனைவி நீலாம்பாளும் மருமகள் சத்யபாமாவும்தான். சத்யபாமா லத்தா கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்குப் பார்க்கிறாள். தலை குனிந்து போய்த் தலை குனிந்து வருகிற பெண் என்று அவளைப் பற்றி நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அவளிடம் என் கேள்வியை நின்றுகொண்டே கேட்டேன். அவள் மறுப்பாள், உடனே தனசேகரனை அழைத்துத் திட்டலாம் என்று எதிர்பார்த்தேன். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கட்டுறது அண்ணன் மாமா. ஆள் எடுக்கிறது நான்" என்றாள்.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் எதையும் ஒளிக்காமல் சொன்னாள். அங்கே தினமும் இரவு நடக்கும் ஆட்டம் நமக்கு விடியற்காலையில் வருகிறது. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு விலை போட்டிருப்பார்கள். பந்தயம் கட்டுகிற எல்லோருக்கும் ஒரே அளவு தொகைதான் அனுமதி. அதற்குள் பத்துப் பேரை எடுக்க வேண்டும். அவர்கள் நிஜ ஆட்டத்தில் அன்று என்ன செய்கிறார்களோ அதுதான் நமக்குப் புள்ளி. பெயர் பெற்றவர்கள் இரண்டு மூன்று பேரை வாங்கினாலே பாதித் தொகை தீர்ந்துவிடும். மீதி இடங்களுக்கு விலை குறைந்தவர்களில் நல்லவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். விலையை முன்கூட்டியே போட்டுவிடுகிறார்கள். இன்று காலைச் செய்தி அதில் இருக்காது. கடைசியாக மட்டை பிடிப்பவனை இன்று இரண்டாவதாக இறக்குவார்கள், விலை மட்டும் பழையதாகவே நிற்கும். அந்த இடைவெளியில்தான் வெற்றி.

இவ்வளவையும் என் மருமகள், ஏலம் எடுக்கும் வியாபாரி மாதிரி, என் கூடத்தில் நின்று சொன்னாள். எத்தனை நாளாக நீ ஒருத்தியாக இதைச் செய்கிறாய் என்று கேட்டேன்.

அவள் நீலாம்பாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான் ஒருத்தி இல்ல மாமா. பாதி ஆள நீங்கதான் எடுத்தீங்க."

நான் துறைமுகத்தில் ஆள் எடுக்கும் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். தினமும் காலையில் வாயிற்கதவுக்கு வெளியே நிற்கும் கூட்டத்தில் யாருக்கு இன்று வேலை என்று விரல் நீட்டியவன். சென்ற சித்திரையிலிருந்து சத்யபாமா விடியும்போது தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அண்ணனுக்கு ஆள் எடுக்கணும் மாமா என்று யோசனை கேட்பாள். தனசேகரன் அங்கே ஏதோ கிடங்கில் மேலாளாகிவிட்டான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஒருவர் தோளில் அடிபட்டு இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தார், இப்போது வந்துவிட்டார், கூலி இன்னும் பழைய கூலிதான்; இன்னொருவர் போன வாரம் முழுக்க நன்றாகச் செய்ததால் கூலி ஏறிவிட்டது; யாரை எடுக்கலாம் என்பாள். திரும்பி வந்தவனை எடு என்பேன். உட்கார்ந்திருந்தவனுக்குப் பசி இருக்கும். போன வாரம் முதுகை முறித்தவன் இந்த வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பான். எதிரே எறிகிறவர் இடதுகைக்காரர் மாமா என்பாள். அதுகூட எனக்குச் சந்தேகத்தைத் தரவில்லை. படகிலிருந்து கரைக்கு மூட்டையைக் கை மாற்றி எறிவோம். எறிகிறவன் இடதுகைக்காரன் என்றால் எதிரே வலதுகைக்காரனை நிறுத்தினால் சரியாக இருக்கும் என்று பாடமே நடத்தினேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றுகூட நான் கேட்டிருக்கிறேன். அவள் உடனே கைபேசியில் பார்த்துச் சொன்னாள். அமெரிக்காவில் கிடங்கைத் திறந்த வெளியிலா வைத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை வியந்தேன். அவ்வளவுதான்.

அத்தனை காலையும் நான் சூதாடியிருக்கிறேன். தீர்மானம் போட்ட வாயால்.

"என் பேரை ஏம்மா போட்டீங்க?" என்று கேட்டேன்.

"அண்ணன்தான் என்ன பேரு போடன்னு கேட்டுச்சு. ஆள் எடுக்கிறவங்க பேரத்தான போடணும்? அத்தனை பேருக்கு மேல நம்ம வீட்டுப் பேரு நிக்கட்டும்னு நெனச்சேன்." அவள் கண் கலங்கியிருந்தது. அவள் அதைக் குடும்பத்துக்குச் செய்த மரியாதையாகவே நினைத்திருக்கிறாள்.

வந்த பணம் எங்கே என்று கேட்டேன். இருவரும் மேலே பார்த்தார்கள். மின்சாரம் இல்லாத அந்த மாலையில் என் தலைக்கு மேல் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கூரையில் சூரியத் தகடு போட்டது என் மகன் அனுப்பிய பணத்தில் என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருந்தேன்.

"உனக்கும் தெரியுமா?" என்று நீலாம்பாளிடம் கேட்டேன்.

"ரொம்ப நாளா தெரியும். வேலைய விட்டு வந்ததுலேருந்து யாரும் உங்ககிட்ட ஒண்ணும் கேக்கறதில்ல. அவ கேட்டா. வெடியக்காலையே எழுந்து சட்ட போட்டுக்கிட்டு உக்காந்தீங்க. அத எதுக்குக் கெடுக்கணும்?"

பிறகு அவளே ஒரு வழியும் சொன்னாள். தனசேகரன் நம் வீட்டான் இல்லை, அவன் கெட்ட பழக்கத்துக்கு நாம் பொறுப்பில்லை என்று கோவிலில் சொல்லிவிடலாம். யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். அப்படிச் சொல்லிவிடலாம்தான். என் தலையில் துணியும் ஏறும். சத்யபாமா தலை குனிந்து நின்றிருந்தாள். அவள் அண்ணன் பெயரைக் கெடுத்து என் பெயரைக் காப்பாற்றச் சொன்னால் அதையும் செய்திருப்பாள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

காப்பு நாளன்று கோவிலில் நிற்க இடமில்லை. பக்கத்துப் பேட்டையான தின்கன்ஜூனிலிருந்துகூட வந்திருந்தார்கள். மேளம் நின்றது. பூசாரி மஞ்சள் பட்டை அம்மன் பாதத்திலிருந்து எடுத்துக்கொண்டு வழக்கம்போல் என் முன்னால் வந்தார். நான் குனியவில்லை.

சூதாடும் வீட்டுக்கு மரியாதை இல்லை என்பது என் தீர்மானம் என்றேன். அமெரிக்காவில் இருக்கும் பெயர் என்னுடையதுதான், ஆளை எடுத்தவனும் நான்தான், வேறு யாருக்கும் இதில் பங்கில்லை என்றேன். என் சொற்களில் கடைசிப் பகுதி மட்டும் உண்மை இல்லை. அம்மன் அதைப் பொறுத்துக்கொள்வாள்.

பூசாரி துணியை ஏந்தியபடி கமிட்டியைப் பார்த்தார். முதல் வீடு போனது. இரண்டாவது வீட்டை நான் ஏற்கெனவே நிறுத்தியிருந்தேன். மூன்றாவது யார் என்று எவருக்கும் தெரியவில்லை. இதுவரை அப்படி ஒரு கேள்வியே வந்ததில்லை. கடைசியில் அவர் திரும்பிப் போய் அம்மனின் சூலத்திலேயே பட்டைக் கட்டினார். மேளம் மறுபடியும் தொடங்கியது.

நான் நிமிர்ந்தபடியே நடந்து கடைசி வரிசைக்குப் போனேன். அங்கே கூரை ஒழுகும் மூலையில் செல்லையா நின்றிருந்தான். தீர்மானம் வந்ததிலிருந்து அவன் நிற்கும் இடம் அது. கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டான். எக்காளமாக ஏதாவது சொல்வான், அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அவன் தீபாராதனைக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிறகு அம்மனை விட்டுக் கண்ணை எடுக்காமல், உதடு அசையாமல் கேட்டான்.

"அண்ணே, மவன் கேக்கச் சொன்னான். நாளைக்கு எறியிறவன் எடதுகையாம். யாரப் போடலாம்?"

கோவிலுக்குள், காப்பு நாளில், என்னிடம். உடம்பெல்லாம் எரிந்தது. நான் அவன் பக்கம் திரும்பவில்லை, வாயைத் திறக்கவில்லை, என் முதுகும் வளையவில்லை. ஆனால் அவன் கேட்டு முடிப்பதற்குள், அடிபட்டு உட்கார்ந்திருந்து திரும்பி வந்தவன் எவனாவது இருக்கிறானா, அவன் வலதுகைக்காரனா என்று என் மனம் தேடத் தொடங்கிவிட்டது. அம்மன் எதிரே நின்று அதை நிறுத்தப் பார்த்தேன். நிற்கவில்லை.