இரண்டாவது வாக்கியம்

1

இந்தக் கதை என் மனதில் தானாக உதித்தது என்று சொன்னால் அது பொய். சுகாதார மையத்து நர்ஸம்மா கேட்டுக்கொண்டதால் எழுத உட்கார்ந்தேன். வாரம் ஒருமுறை அங்கே இளவட்டங்களைக் கூட்டி உட்கார வைத்துப் பேசுகிறார்கள். வருகிறவர்கள் தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போகிறார்களாம்.

"உறவுல ஒட்டிக்கிற தொத்துதான், மாத்திரை இருக்கு, சரியாயிடும். ஆனா ஜோடியில ரெண்டு பேரும் சாப்பிடணும். இல்லன்னா திரும்பவும் ஒட்டிக்கும். அத ஜோடிகிட்டச் சொல்லுங்கன்னா இதுங்களுக்கு வாயே வரமாட்டேங்குது. நீங்கதான் கதை எழுதுறவங்களாச்சே, எப்படிப் பேசறதுன்னு ஒரு கதையில காட்டுங்களேன்."

இவ்வளவுதானே என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல.

2

முதல் தொடக்கம்: பத்தொன்பது வயதுப் பெண். பரிசோதனையில் தொற்று என்று வந்திருக்கிறது. காதலனிடம் சொல்லியாக வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் அவனைப் பார்த்து, "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்கிறாள். உடனே பேருந்து வந்துவிடுகிறது.

இரண்டாவது தொடக்கம்: "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்." மழை பிடித்துக்கொள்கிறது.

மூன்றாவது: "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்." அவனுடைய போன் அடிக்கிறது, எடுத்துப் பேசிக்கொண்டே அவன்

[கவனித்தீர்களா? இரண்டாவது வாக்கியம் வரவேண்டிய இடத்தில் நானே எதையாவது அனுப்பி வைக்கிறேன். நான்காவதில் ஒரு நாயைக்கூட விட்டுப் பார்த்தேன்.]

அந்தப் பெண்ணின் மேலும் எனக்குச் சந்தேகம். நன்றாகப் படிப்பவள், அதிர்ந்து பேசாதவள் என்று மூன்று பத்தி எழுதியிருந்தேன். காய்ச்சல் வந்தவளுக்கு யாராவது நற்சான்றிதழ் கொடுப்பார்களா? மூன்று பத்தியையும் அழித்தேன். அழித்த பிறகு அவளிடம் மிஞ்சியது அந்த ஒற்றை வாக்கியம்தான்.

3

இரண்டாவது வாக்கியமாக எதையோ தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் பின்னால் வந்து நின்று படித்தாள். அவளுக்கும் பத்தொன்பதுதான். [இதை நான் அப்போதுதான் கவனித்தேன் என்றால் நம்புவீர்களா? நானே நம்பவில்லை.]

"யாரும்மா இப்படிப் பேசுவாங்க? 'நம் உடல்நலம் குறித்து மனம்விட்டுப் பேசுவோம்'னா, ஏதோ மீட்டிங்னு நெனச்சு ஓடிடுவான்."

"அப்ப நீயே சொல்லு. எப்படித்தான் பேசுவீங்க?"

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினாள். "என் ஃப்ரெண்டு ஒருத்திக்கு டெஸ்ட்ல ஒண்ணு வந்திருக்கு. அவன்கிட்ட சொன்னா, யார்கிட்டருந்து வந்துச்சுன்னுதான் மொதல்ல கேப்பானாம். அத நெனச்சாலே அவளுக்குத் தூக்கம் வரல. அதுவும் அவ..."

நிறுத்திவிட்டாள். அவள் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன். திரையில் அவள் சொன்னதெல்லாம் மேற்கோள் குறிகளோடு ஏறியிருந்தது. என் விரல்கள் இன்னும் விசைகளின் மேல்.

"டைப் பண்றியா?"

"இல்லடி, நல்லா இருந்துச்சு, அதான்..."

"நல்லா இருந்துச்சா?"

எழுந்து போனாள். கதவை அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் சாத்தினாள்.

4

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். அவள் சொல்கிறாள், அவன் கையைப் பிடித்துக்கொள்கிறான். நர்ஸம்மாவுக்குப் பிடிக்கும். அல்லது, அவள் சொல்கிறாள், அவன் கத்திவிட்டுப் போகிறான். அல்லது, அவள் யாரிடமும் சொல்வதில்லை, ஏனென்றால் சொல்ல வந்தபோது ஒருத்தி அதை டைப்

அங்கேயே விட்டுவிட்டுப் போய்க் கதவைத் தட்டினேன்.

"எழுதறதுக்காக வரல."

"அப்புறம்?"

"பயமா இருக்கு. அதான் வந்தேன். எனக்கும் இதெல்லாம் பேசத் தெரியாதுடி. எங்கிட்ட யாரும் பேசினதில்ல."

"தெரியுது, கதையப் படிச்சாலே." கட்டிலில் கிடந்த துணிகளைத் தள்ளி இடம் விட்டாள். பிறகு சொன்னாள்.

[என்ன சொன்னாள் என்பது இங்கே இல்லை. மற்றதையெல்லாம் அவளிடம் காட்டி அனுமதி வாங்கினேன். நாயை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள். எடுக்கவில்லை. அந்த ஃப்ரெண்டு யார் என்று நீங்கள் குடைவது தெரிகிறது. நர்ஸம்மா அதையெல்லாம் கேட்பதில்லை.]

5

இன்று மாலை அவனைப் பார்க்கப் போக மகள் செருப்பை மாட்டினாள்.

"நானும் வரட்டுமா?"

"வேணாம். 'ஒண்ணு சொல்லணும்'னு ஆரம்பிச்சா அதுலயே பாதி உயிர் போயிடும்மா. டெஸ்ட்ல வந்திருக்கு, மாத்திரை இருக்கு, ரெண்டு பேரும் சாப்பிடணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"யார்கிட்டருந்துன்னு கேட்டா?"

"அவனை நர்ஸம்மாகிட்டக் கூட்டிட்டுப் போ" என்றேன். இருப்புக் கொள்ளாமல் அப்போதிலிருந்து ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். நான்கு தொடக்கத்திலும் என்னால் எழுத முடியாததை வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எதிரே நிற்கிறவன் முகம் எப்படி மாறும் என்பது மட்டும் அவளுக்கும் தெரியாது.

படியில் செருப்புச் சத்தம். வேகமா, தளர்வா என்று பிடிபடவில்லை. கதவு திறக்கும்போது என் கைகள் விசைகளின் மேல் இல்லாமல் காலியாக இருக்க வேண்டும். நர்ஸம்மா கேட்டால், முடிவை நீங்களே