உடையாத பின்

அந்தக் கை வின்ச்சை அவர் துடைத்துக்கொண்டே இருந்ததுதான் எனக்கு முதலில் பிடிக்கவில்லை. விற்கப்போகிற சாமானை எதற்கு இவ்வளவு துடைக்க வேண்டும்?

பழைய ஜீப் பாகங்கள் விற்பவர் அவர். எல்லோருக்கும் கிரீஸ் அண்ணன். மாமாவின் கூட்டாளி. மாமா என்றால் அக்காவின் கணவர். ஆனால் ஜீப் ஓட்டுவது அக்காதான். மலைமேல் மரம் அறுக்கிற இடத்துக்குச் சாமான் ஏற்றிப் போவாள். போன மழையில் வண்டி சேற்றில் இறங்கி, பகல் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருந்தாள். அதனால்தான் வின்ச். ஒரு முனையை மரத்தில் கட்டி, மறுமுனையை ஜீப்பில் மாட்டிக் கைப்பிடியை ஆட்டினால், கம்பிக் கயிறு கொஞ்சம் கொஞ்சமாக வண்டியை இழுக்கும்.

"புதுசு எதுக்கு? நம்ம ஆளுகிட்டயே இருக்கு" என்று மாமா சொன்னபோது அக்கா என்னைப் பார்த்தாள். நம்ம ஆளிடம் வாங்கிய தண்ணீர் மோட்டார் வீட்டு மூலையில் ஈரத்துணி போட உதவிக்கொண்டிருக்கிறது.

காலையில் புது வின்ச் விற்கிற கடைக்கும் போயிருந்தோம். கடைக்காரர் கைப்பிடியின் அடியில் இருந்த சின்னப் பித்தளைப் பின்னைக் காட்டினார்.

"பாரம் மீறிப் போச்சுன்னா மொதல்ல இது உடைஞ்சிடும்மா. இது உடையலன்னா கயிறு அறும். அறுந்தா மூஞ்சியப் பாத்துத்தான் வரும்."

வெளியே வந்ததும் மாமா, "உடையற சாமானப் பெருமையா விக்கிறான் பாரு" என்றார்.

கிரீஸ் அண்ணன் எங்கள் ஜீப்பையே வைத்து இழுத்துக் காட்டினார். ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னால் கல் வைத்து, உடம்பு முழுவதையும் கைப்பிடியில் சாய்த்தார். கயிறு விண்ணென்று நின்றது. கல் நகர்ந்தது.

"பாத்தியாம்மா? வருஷக்கணக்கா ஒரு மக்கர் கிடையாது."

மாமா தலையாட்டினார். அண்ணன் கேட்பதற்கு முன்பே தலையாட்டியது போலிருந்தது. இரண்டு பேரும் முன்னாடியே பேசி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கயிற்றைத் தளர்த்தியதும், கம்பி இழை எங்காவது அறுந்திருக்கிறதா என்று அதன் நீளத்துக்குத் துணியை ஓட்டிப் பார்த்தேன். எங்கும் சிக்கவில்லை. கொக்கியும் சரி. பிறகு குனிந்து கைப்பிடியின் அடியில் பார்த்தேன்.

அக்காவின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தேன். "அக்கா, பின் மஞ்சளா இல்ல. கறுப்பா இருக்கு."

"ஊமைச்சி வாயத் தொறந்துட்டா. இன்னிக்கு மழைதான்" என்றார் மாமா.

அக்கா சிரிக்கவில்லை. "அண்ணே, இந்தப் பின்ன மாத்தினீங்களா?"

மழுப்புவார் என்று காத்திருந்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கண்டுபிடிச்சிட்டீங்களே. கம்பெனி பின் சும்மா சும்மா உடைஞ்சுதும்மா. நானே லேத்துல ஸ்டீல் கடைஞ்சு போட்டேன். இனி ஜென்மத்துக்கும் உடையாது."

அவர் எதையும் மறைக்கவே இல்லை. அவ்வளவு துடைத்ததும் அந்தப் பெருமையில்தான்.

"சரிண்ணே, இப்ப நான் இழுக்கறேன். நீங்க ரெண்டு பேரும் கயித்துப் பக்கத்துல வந்து நில்லுங்க."

மாமா சிரித்தார். ஆனால் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. "அங்க எதுக்கு நிக்கணும்?"

"பின்னுதான் உடையாதே. அப்புறம் என்ன பயம்?"

கிரீஸ் அண்ணன் துடைக்கிற துணியை மெதுவாக மடித்தார்.

"ஏங்க, மலைமேல அந்தக் கயித்துப் பக்கத்துல தனியா நிக்கப்போறது நான்" என்றாள் அக்கா.

மாமா கயிற்றைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "அந்தப் புதுக் கடை மதியம் சாத்திடுவானா?" என்று கேட்டார்.

இப்போது புது வின்ச் ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. வாங்கி வந்த அன்று மாமா உபரிப் பின் ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லேத்துல குடுத்தா சின்ன வேலைதான்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

அதனால் அக்கா வண்டியைக் கிளப்பும் முன், பின்சீட்டைக் கூட்டுகிற சாக்கில் நான் தினமும் குனிந்து கைப்பிடியைப் பார்க்கிறேன்.

இன்றைக்கும் மஞ்சள்தான்.