கடைக்குப் போகும் வழியில் ஒரு வீடு

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. காதில் வந்து விழுந்தது. வருமான வரி அலுவலகத்தில் என் முறைக்காகக் காத்திருந்தபோது, பக்கத்து மேசையில் ஒரு பெண் சொன்னாள்: "அதுவும் வேலைதான் சார்." அதற்குள் என்னை அழைத்துவிட்டார்கள். ஆகவே மற்றதெல்லாம் கற்பனை. கற்பனை என்பதால் பொய் என்று நினைத்துவிடாதீர்கள்.

2

முதல் தொடக்கம்: பொழுது புலரும் வேளையில், மெல்லிய பனி...

(வேண்டாம். அவளுக்குப் பனியை வேடிக்கை பார்க்க நேரமில்லை.)

இரண்டாவது: அவள் முடிதிருத்துபவள். ஒற்றை நாற்காலி போட்ட சொந்தக் கடை. வர முடியாதவர்களின் வீட்டுக்குத் தன் பழைய காரில் போயும் வெட்டிவிடுவாள். கடையிலிருந்து அப்படிப் போகும் பெட்ரோல் செலவை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்து கடைக்குப் போவதைக் கழிக்க முடியாது. அது அவரவர் பாடு. விதி இவ்வளவுதான்.

விதிக்கு நடுவில் ஒரு வீடு வந்து உட்கார்ந்துகொண்டது. அங்கே பக்கவாதத்தில் படுத்துவிட்ட முன்னாள் பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருந்தார். தினமும் கடை திறக்குமுன் ஊரைச் சுற்றிக்கொண்டு போய் அவருக்குச் சவரம் செய்துவிடுவாள். காசு வாங்குவதில்லை. பேச்சு போன அந்த மனிதர், சோப்பு நுரையின் வாசனை வந்ததும் மோவாயை உயர்த்திக் கொடுப்பார்.

3

கணக்குப் பார்ப்பவன் அவளுடைய தம்பி. அந்த வீட்டுக்குப் போகும் பெட்ரோலையும் அவள் செலவில் எழுதியிருந்தாள். அந்தப் பயணங்களை வரி அலுவலகத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், வரி கூடினால் கார் ஓட்டவே கட்டாது என்று அவன் எச்சரித்தான். ஒன்று, கூலி வாங்கியதாகக் காட்ட வேண்டும். இல்லையென்றால் அந்த வீட்டை விட்டுவிட வேண்டும்.

"ஏதோ கொஞ்சம் வாங்கினதா எழுதிடுக்கா."

"அது அவர் காதுக்குப் போனா?"

"அவருக்குத்தான் பேச்சே போயிடுச்சே."

"காது போகலையேடா."

(இந்தத் தம்பியைக் கெட்டவனாக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை. அக்காவின் காருக்கு டயர் மாற்றிக் கொடுத்தவனே அவன்தான்.)

4

அவளைக் கூப்பிட்டு விசாரித்த வரி அதிகாரிக்குப் பெரிய மீசையும் சிடுசிடுப்பும் கொடுத்திருந்தேன். இரண்டையும் எடுத்துவிட்டேன். வந்தவரை உட்காரச் சொல்லி, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவைக்கிற மனிதர் அவர். விதியை அவர் எழுதவில்லை.

"காசு கொடுத்தாத்தாம்மா வாடிக்கையாளர். இல்லைன்னா அது நீங்க கடைக்குப் போற வழி. நானும்தான் தினம் வரேன், எனக்கு யார் கழிக்கிறாங்க?"

"நீங்க வர்ற வழியில யாருக்காவது சவரம் பண்றீங்களா சார்?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு பேனாவை நீட்டினார். அந்தப் பயணங்களை அவளே கோடு போட்டு அடித்துக் கையெழுத்திட்டால் அபராதமில்லாமல் முடித்துவிடலாமாம்.

5

முடிவு ஒன்று: அதிகாரி மனமிரங்கி...

(இல்லை. அவள் இரக்கம் கேட்டு வரவில்லை.)

முடிவு இரண்டு: விஷயம் தெரிந்த ஓட்டுநரின் மனைவி, சோப்புக் கிண்ணத்தருகே ஒரு நாணயத்தை வைக்கிறாள். இவளும் எடுத்துக்கொள்கிறாள். இனி அவரும் வாடிக்கையாளர், யாருக்கும் நஷ்டமில்லை.

(எனக்கே பிடித்திருந்தது. ஆனால் மறுநாள் காலையை எழுதத் தொடங்கியதும் ஓட்டுநர் மோவாயை உயர்த்த மறுத்துவிட்டார். கெஞ்சிப் பார்த்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.)

6

ஆகவே நடந்ததாக நான் நம்புவது இதுதான். அவள் பேனாவை வாங்கவில்லை.

"போனேன். அவருக்கு முகம் மழிச்சேன். அதுவும் வேலைதான் சார். இல்லைன்னு என் கையால அடிக்க மாட்டேன். வேணாம்னா நீங்க அடிங்க, அபராதமும் போடுங்க. நாளைக்கும் போவேன்."

அதிகாரியின் கை காகிதத்தின் மேல் நிற்கிறது. அதை எந்தப் பக்கமும் நான் நகர்த்தப் போவதில்லை. இந்தக் கதையில் எத்தனையோ வாக்கியங்களைக் கைவிட்டேன். அவளுடையதைக் கைவிட என்னால் ஆகாது. கடவுள் ஒரு நாள் கணக்குக் கேட்டால், வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் என்ன செய்தாய் என்றுதான் முதலில் கேட்பார் என்று நம்புகிறவன் நான்.

பேனா மேசைமேல் இருக்கிறது. அடிப்பதானால் நீங்கள் அடியுங்கள்.