குரல் கேட்டால்தான் நம்புவேன்

தைவானில் எங்கள் துங்காங் துறைமுக மீன்சந்தையின் போன் குழுவுக்கு நான்தான் காவல். குழுவில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். விடிந்ததும் தாமரைப் படத்தில் காலை வணக்கம் போடுவார்கள். 'பேத்தி ஓவியப் போட்டியில் நிற்கிறாள், ஓட்டுப் போடுங்கள்' என்று எவன் இணைப்பு அனுப்பினாலும் தட்டிவிடுவார்கள். அப்படித் தட்டித்தான் இறால் விற்கும் பிக்-சியாவின் கணக்கு களவு போனது. அவள் பேரில் எவனோ ஊரெல்லாம் பணம் கேட்டான்.

அதன் பிறகு ஒரு சட்டம் போட்டேன். இணைப்பு அனுப்புகிறவர் கூடவே நம் துறைமுகத்துப் பேச்சில் ஒரு குரல் பதிவும் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் குழுவை விட்டு வெளியே. எனக்குப் படிப்பு கிடையாது, காது உண்டு. எங்கிருந்தோ தட்டும் திருடனுக்கு எங்கள் ஊர்ப் பேச்சு வராது.

போன வாரம் தியாம்-ஹொக் பேரில் ஒரு இணைப்பு வந்தது. மகளின் மீன்கஞ்சிக் கடை ஏதோ போட்டியில் நிற்கிறதாம், ஓட்டு வேண்டுமாம். ஹொக் சந்தைக்கு ஐஸ் வண்டி ஓட்டியவன், ஓயாமல் பேசுகிறவன். காவோசியுங் நகரத்தில் மகளிடம் போனவனை ஒரு வருஷமாகப் பார்க்கவில்லை.

"குரல் அனுப்பு" என்றேன்.

'முடியாது. நான்தான்' என்று எழுத்து வந்ததை பிக்-சியா வாசித்துச் சொன்னாள்.

போன் போட்டேன், எடுக்கவில்லை. ஹொக்காவது, பேசாமல் இருப்பதாவது. திருடனேதான் என்று குழுவிலிருந்து தூக்கிவிட்டேன்.

மறுநாள் காலை ஹொக் பஸ் பிடித்து என் கடை முன்னால் வந்து நின்றான். முகமூடியை இறக்கினான். ஒரு பக்கத் தாடையே இல்லை.

பக்கத்துக் கடையிலிருந்து பிக்-சியா ஓடி வந்தாள். "வாய்ப் புற்றா அண்ணே? பாக்கு மென்னதாலயா?"

தலையாட்டினான். போனில் தட்டி அவளிடம் நீட்டினான். அவள் எனக்காக வாசித்தாள்.

"நாக்கையும் பாதி எடுத்துட்டாங்க. நான் பேசறதே அந்தக் குழுவுலதான். அங்கயும் கதவைச் சாத்திட்ட."

"நீ சொல்லியிருக்கலாமே" என்றேன்.

மறுபடி தட்டினான். பிக்-சியா பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "இதை நான் வாசிக்க மாட்டேன்பா. அசிங்கமா திட்டுறாரு."

"அப்ப ஹொக்கேதான்" என்றேன். அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று புரியச் சற்று நேரம் பிடித்தது.

"குழுவுல விஷயத்தைச் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்று கையசைத்து, முகமூடியை ஏற்றிக்கொண்டான்.

அவனைத் திரும்பச் சேர்த்துவிட்டு, குழுவில் என் குரலைப் பதிந்தேன். "ஹொக்கை நேர்ல பாத்துட்டேன். அவன்தான். ஏன் பேசலைன்னு யாரும் கேக்கக் கூடாது. இனிமே அவன் எது அனுப்பினாலும் எங்கிட்ட கேட்டுட்டு அனுப்புவான், கூடவே என் குரல் வரும்."

அந்த ஓட்டு இணைப்பை மட்டும், அவன் கண்ணெதிரிலேயே மகளுக்குப் போன் போட்டு விசாரித்த பிறகுதான் தட்டினேன். முறைத்தான். முறைக்கட்டும்.