ஒரே அமுக்கு

எங்கள் பல் கிளினிக்கில் இரண்டு நாற்காலி. ஒன்று அக்காவுடையது, இன்னொன்று என்னுடையது. கிளினிக் மட்டும் முழுக்க அக்காவுடையது. அதை அவள் என்னை மறக்க விட்டதே இல்லை.

சொத்தையைக் குடைந்தெடுத்துப் பசையை வைத்து, நீல விளக்கைக் காட்டினால் இறுகும். இறுகும்போது சுருங்கும். நாங்கள் வாங்கும் பசையை மொத்தமாக அடைத்தால் ஓரத்தில் மயிரிழை இடைவெளி விழும், அடியில் வெளிச்சமும் எட்டாது. அதனால் நான் மெல்லிசாக ஒரு அடுக்கு வைத்து, விளக்கைக் காட்டி, அப்புறம்தான் அடுத்த அடுக்கு வைப்பேன். அக்காவுக்கு ஒரே அமுக்கு.

"நீ ஒரு பல்ல முடிக்கிறதுக்குள்ள நான் மூணு பேரை அனுப்பிடுறேன். நாளையிலேர்ந்து நீ பல்லு சுத்தம் பண்ணினா போதும். அடைக்கிறதை நான் பாத்துக்கிறேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பிடுங்கிய பற்கள் கிடந்த ஜாடியை அவள் முன்னால் வைத்தேன். "பாதிய நீ அடை, பாதிய நான் அடைக்கிறேன். மையில ஊறப்போட்டு அறுத்துப் பாப்போம்."

"சின்னப்புள்ள விளையாட்டு" என்றாள். ஆனாலும் வீம்புக்கு அடைத்தாள்.

அறுத்தோம். அவள் அடைத்தவற்றில் மை ஓரமாக இறங்கி அடிவரை போயிருந்தது. என்னுடையதிலும் ஒன்று லேசாகக் கசிந்திருந்தது. மறைப்பானேன், காட்டினேன். அதையே பிடித்துக்கொண்டாள்.

"உன்னோடதும்தான் ஒழுகுது. மை வேற, எச்சி வேற. போய் வேலையப் பாரு."

மறுநாள் என் தட்டில் சுத்தம் செய்யும் கருவிகள் மட்டும்தான் இருந்தன. மத்தியானம் அக்கா தன் மகளைக் கூட்டி வந்து என் நாற்காலியில் உட்கார வைத்தாள். கடைவாய்ப் பல்லில் சொத்தை.

"பாப்பாவுக்கு நீயே அடுக்கடுக்கா வச்சிடுடி" என்றாள், குரலைத் தாழ்த்தி.

அடிப்பாவி!

"ஏன், மை வேற எச்சி வேறன்னியே?"

"மெதுவாப் பேசு, வெளியில கேக்கும்."

"கேக்கட்டும். வெளியில காத்திருக்கிறவங்க வாயும் வாய்தானே? எல்லாருக்கும் இப்படித்தான்னு சொல்லு, இப்பவே வைக்கிறேன். இவளுக்கு மட்டும்னா உன் கையாலயே அமுக்கிக்கோ."

"சித்தி, வாயை மூடிக்கவா?" என்றாள் சின்னவள்.

"திறந்தே வைடி. உங்கம்மா முடிவு பண்ணட்டும்."

அக்கா பசைக் குழலை எடுத்து மகளின் பல்லருகே கொண்டுபோனாள். கை அதற்கு மேல் நகரவில்லை. குழலை என் தட்டில் வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள்.

"இனிமே இங்க எல்லாருக்கும் நேரமாகும்" என்று காத்திருந்தவர்களைப் பார்த்துக் கத்தினாள். "அவசரம்னா வேற இடம் பாத்துக்குங்க!"